கள்ளிச் செடியும் கடுங்குளிரும்



கள்ளி என்றதும் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? சுட்டெரிக்கும் வெயிலும் வரண்ட மண்ணும்தான். மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் பற்றைக் காடுகளில் நிற்கும் சதுரக்கள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் அது நிற்கும். ஆடு மாடும் அதை அண்டுவதில்லை. அப்படிப்பட்ட செடிக்குக் குளிர் எப்படி ஒத்துவரும்? பனி பெய்தால் ஒரே இரவில் செத்துவிடாதா? இப்படித்தான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் பாதி சரி, பாதி பிழை. கள்ளிக் குடும்பத்தில் 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தாலே இலை உதிர்க்கும் செடியும் உண்டு. உறைநிலைக்கு 20 பாகை கீழே போனாலும் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும் செடியும் உண்டு. இரண்டையும் ஒரே விதமாகப் பராமரித்தால் ஒன்று நிச்சயம் சாகும். நம்மவர் பலருடைய பிள்ளைகள் இன்று லண்டனிலும் பேர்மிங்காமிலும் டொரொன்டோவிலும் குடித்தனம் நடத்துகிறார்கள். அங்கே கடையில் கண்ட கள்ளிச் செடியை ஊர் நினைவில் வாங்கி வைத்துவிட்டு, மாரி வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே நுவரெலியாப் பக்கம் வாழும் சகோதரிகளுக்கும் ஜனவரி, பெப்ரவரியில் இதே கவலைதான். அவர்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

எது கள்ளி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சப்பாத்திக்கள்ளியையும் கள்ளி என்கிறோம், சதுரக்கள்ளியையும் கள்ளி என்கிறோம். உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கற்றாளை போன்ற சதைப்பற்றுள்ள ‘கக்டஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. அதை ஒடித்தால் பெரும்பாலும் நீர்தான் கசியும். சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். இந்தப் பால்தான் அடையாளம். இவை ‘யுபோர்பியா’ என்ற இனத்தைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 2000 வகை யுபோர்பியாக்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய இனங்களுள் இதுவும் ஒன்று.

உங்கள் வீட்டு முற்றத்துச் சாடியில், முள் நிறைந்த தண்டில் சிவப்பும் ரோசாவுமாகப் பூக்கிறதே, அது யுபோர்பியா. டிசம்பரில் உச்சி இலைகள் செக்கச் சிவந்து நிற்கும் பொயின்செட்டியாவும் யுபோர்பியாதான். கல்லிடுக்கில் முளைக்கும் சின்னஞ்சிறு அம்மான் பச்சரிசியும் அதே குடும்பம்தான். ஒரு குடும்பத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே குளிர்காலச் சட்டம் எப்படிப் பொருந்தும்?

பெயர் வந்த கதை

இச்செடியின் பெயரே குளிரும் வெயிலும் கலந்த ஒரு மலைநாட்டிலிருந்து வந்ததாகும். இன்றைய மொரோக்கோ, அல்ஜீரியாப் பகுதிகளை உள்ளடக்கிய மொரிதானியாவை கி.மு. 25 முதல் கி.பி. 23 வரை ஆண்டவர் இரண்டாம் ஜூபா மன்னர். கல்வியில் பெரும் நாட்டமுடைய அவர், அட்லஸ் மலைப் பகுதியில் கிடைத்த மருந்துச் செடியொன்றுக்குத் தமது வைத்தியரான யுபோர்பஸ் என்பவரின் பெயரை வைத்தார். மன்னர் அச்செடி பற்றி ஒரு நூலே எழுதினார் என்பது பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கூற்று. பின்னர் 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் முழு இனத்துக்கும் அப்பெயரையே நிலைநிறுத்தினார்.

அந்தச் செடியின் பாலை உலர்த்திப் பெறும் பிசினை அரபு வைத்திய நூல்கள் ‘ஃபர்பியூன்’ என்று அழைக்கின்றன. இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ நூலில் தனி மருந்துகளைச் சொல்லும் பகுதியில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். மாலகாவில் பிறந்து 1248இல் காலமான மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழங்காலத்தில் இந்தப் பாலை எடுத்தவர்கள் செடியின் அருகே போகவே அஞ்சினர். கழுவிய ஆட்டு இரைப்பையைச் செடியில் கட்டி, தூரத்தில் நின்று ஈட்டியால் குத்திப் பாலை வடியவிட்டார்கள் என்று கிரேக்க வைத்தியர் தியோஸ்கொரிதிஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த அச்சத்தில் நியாயம் இருந்ததைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம்.

இந்த அட்லஸ் கள்ளி இன்றும் அங்கே பெருந்தொகையாக நிற்கிறது. நாற்கோணத் தண்டுகள் நெருங்கி, பெரிய பச்சைத் தலையணை போல மலைச்சரிவில் படர்ந்திருக்கும். மொரோக்கோவின் தத்லா-அஸிலால் பிரதேசத்தில் இதன் பூவிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் தேன் பேர்போனது. தொண்டையில் இலேசாகக் காரம் தட்டும். அம்மலைகளில் மாரிகாலத்தில் நல்ல குளிர் உண்டு. உயரமான இடங்களில் பனியும் விழும். ஆனால் நிலம் சரிவானது, கல் நிறைந்தது. விழுந்த நீர் வேரடியில் நிற்பதில்லை. ஆகவே உறைநிலைக்குச் சில பாகை கீழே போகும் குளிரையும் அது தாங்கிக்கொள்கிறது. அதே செடியைக் களிமண் சாடியில் வைத்து மாரி முழுவதும் நனையவிட்டால், உறைபனி வருமுன்பே அழுகிவிடும். இந்த ஒரு செடி நமக்குச் சொல்லித்தரும் பாடத்தை நினைவில் வையுங்கள். கள்ளியைக் கொல்வது பெரும்பாலும் தனிக்குளிர் அல்ல, ஈரத்தோடு சேர்ந்த குளிர்.

குளிர் செடியை என்ன செய்கிறது?

செடியின் உடல் நுண்ணிய கலங்களால் ஆனது. கலத்துக்குள் நீர் இருக்கிறது. அந்த நீர் உள்ளேயே உறைந்து பனிக்கட்டியானால் கலம் கிழிந்துவிடும். மறுநாள் அந்த இலை வேகவைத்த கீரை போலத் துவண்டு கறுத்துப்போவது இதனால்தான்.

குளிர்நாட்டுச் செடிகளுக்கு இதிலிருந்து தப்பும் வழி தெரியும். பகல் குறுகி, இரவு மெதுவாகக் குளிரத் தொடங்கியதும் அவை ஆயத்தமாகின்றன. கலத்துக்குள் சீனிச்சத்தைக் கூட்டுகின்றன. சீனி கரைந்த நீர் எளிதில் உறைவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். மேலும், கலத்துக்கு உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியே வந்து, கலங்களுக்கு இடைப்பட்ட வெளியில் உறைகிறது. அங்கே உறைந்தால் அவ்வளவு சேதமில்லை. இந்த ஆயத்தத்துக்குச் சில வாரங்கள் தேவை. அதனால்தான், நவம்பரில் படிப்படியாக வந்த கடுங்குளிரைத் தாங்கிய அதே செடி, ஏப்ரலில் தளிர்விட்ட பின் ஒரே இரவில் வந்த சிறு உறைபனிக்குக் கருகிவிடுகிறது.

மடகஸ்காரிலும் மெக்சிக்கோவின் வெப்பப் பகுதியிலும் பிறந்த செடிகளுக்கு இந்த ஆயத்தம் கிடையாது. உறைபனியையே காணாத இடத்தில் வளர்ந்த செடி அதற்குத் தயாராக ஏன் பழகப்போகிறது?

மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

உங்கள் கையிலிருக்கும் கள்ளி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, மாரியில் தலை மறைப்பவை. ‘பொலிகுரோமா’ என்ற மஞ்சள் கள்ளி இதற்கு நல்ல உதாரணம். கிழக்கு, மத்திய ஐரோப்பாவைச் சேர்ந்த இது, வசந்தத்தில் பளிச்சென்ற மஞ்சள் குடையாக நிற்கும். மாரி வந்ததும் மண்ணுக்கு மேலே உள்ள பகுதி காய்ந்துவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்த ‘கிரிஃபித்தி’ என்ற செம்மஞ்சள் கள்ளியும் இப்படியே. கனடாவின் தென்பகுதிக் குளிரையும் தாங்கக்கூடியவை இவை. மாரியில் வெறுமண்ணைப் பார்த்துச் செத்துவிட்டதென்று எண்ணி, கிளறிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பச்சை மாறாமல் நின்று குளிர் தாங்குபவை. மத்தியதரைக் கடல் நாடுகளின் ‘கராசியாஸ்’ கள்ளி இதில் முதன்மையானது. ஒரு மீற்றருக்கு மேல் வளரும். நீலம் கலந்த பச்சை இலை. தலையில் பெரிய மஞ்சட்பச்சைப் பூங்கொத்து. உறைநிலைக்கு 5 முதல் 10 பாகை வரை கீழே தாங்கும். தரையோடு படரும் ‘மிர்சினைட்டிஸ்’ கள்ளி பார்வைக்கு மென்மையானது. ஆனால் கராசியாஸை விட உறுதியானது. ஐரோப்பியக் காடுகளின் நிழலில் வளரும் ‘அமிக்தலொய்டிஸ்’ கள்ளியும் நல்ல உரம் வாய்ந்தது.

மூன்றாவது, வீட்டுக்குள் மட்டும் பிழைப்பவை. முள்தண்டு யுபோர்பியா, பொயின்செட்டியா, கொம்புக்கள்ளி, சதுரக்கள்ளி ஆகிய நமக்குப் பழக்கமான எல்லாமே இக்கூட்டத்தில் வரும். இவற்றுக்கு 10 பாகைக்குக் கீழே போகாத இடம் வேண்டும். பொயின்செட்டியாவுக்கு 13 பாகையாவது வேண்டும்.

பிரித்தானியாவில் செடி வாங்கினால் அதன் அட்டையில் எச் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது அங்குள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் அளவு. எச் 1 என்றால் வீட்டுக்குள் அல்லது கண்ணாடி மனைக்குள் வளர்க்க வேண்டியது. எச் 4 என்றால் உறைநிலைக்கு 5 முதல் 10 பாகை கீழே வரை தாங்குவது. எச் 7 மிகக் கடுமையான குளிரையும் தாங்குவது. வாங்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள். பூவின் அழகை அதன்பின் பார்க்கலாம்.

அளவுக்கு மிஞ்சிய உரமும் ஆபத்துத்தான். உலகிலேயே குளிருக்கு அஞ்சாத கள்ளிகளில் ஒன்று, இலைக்கள்ளி போலன்றி மெல்லிய இலையுடைய ‘எசுலா’ வகைக் கள்ளி. ஐரோப்பா, ஆசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விதைகளோடு கலந்து வட அமெரிக்காவுக்குப் போன அது, அங்குள்ள சமவெளி மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டது. வேர் பல மீற்றர் ஆழத்துக்கு இறங்குவதால் பனியும் அதை ஒன்றும் செய்வதில்லை. மாடுகள் அதை மேய்வதில்லை. கனடாவில் இருப்பவர்கள் வழியோரத்தில் கண்ட கள்ளியைப் பிடுங்கிவந்து தோட்டத்தில் நடாமல், நாற்று விற்பவர்களிடம் பெயர் கேட்டு வாங்குவது இதனால்தான் நல்லது.

வெளியே நிற்கும் கள்ளிக்கு

குளிர்காலப் பராமரிப்பு குளிர்காலத்தில் தொடங்குவதில்லை. ஓகஸ்ட் மாதத்துக்குப் பின் பசளை போடுவதை நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் கொடுக்கும் பசளை இளந்தளிரை உண்டாக்கும். அந்தத் தளிருக்கு ஆயத்தமாக நேரம் கிடைக்காது. முதல் உறைபனியிலேயே கருகும்.

அடுத்தது மண். லண்டன் பக்கம் பல இடங்களில் கனத்த களிமண். அதில் கள்ளியை நட்டால் மாரி முழுவதும் வேர் குளிர்ந்த சேற்றில் நிற்கும். நடும்போதே மண்ணைச் சற்று மேடாக்கி, சரளைக்கல்லும் பருமணலும் கலந்து நடுங்கள். செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலக் கனத்துக்குச் சரளை பரப்புங்கள். தண்டும் மண்ணும் சேரும் அந்த இடம்தான் முதலில் அழுகும்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற பெண்மணி ஒரு பழைய வாகனத் தரிப்பிடத்தைச் சரளைத் தோட்டமாக மாற்றினார். 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்பது அவரது கொள்கை. இங்கிலாந்தில் மழை மிகக் குறைந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கே பல வகைக் கள்ளிகள் மாரியையும் கோடையையும் தாண்டிச் செழித்து நின்றன. பெத் சாட்டோ 2018இல் காலமானார். எந்த இடத்துக்கு எந்தச் செடி என்று பார்த்து நடுவதே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த செய்தி.

மூன்றாவது, காற்று. மண் உறைந்திருக்கும்போது வேரால் நீர் உறிஞ்ச முடியாது. அந்த நேரத்தில் பலத்த காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சினால் செடி தாகத்தால் வாடும். பச்சை மாறாத கராசியாஸைத் தெற்கு அல்லது மேற்கு நோக்கிய சுவரோரம் நடுங்கள். கிழக்கு நோக்கிய இடம் அவ்வளவு நல்லதல்ல. உறைந்த இலையில் காலை வெயில் சட்டென்று படும்போது அது வேகமாக உருகி, சேதம் கூடும்.

நான்காவது, போர்வை. தலை மறைக்கும் கள்ளிகளின் மேல் காய்ந்த சருகு இரண்டு மூன்று அங்குலம் பரப்பலாம். பச்சை நிற்பவற்றின் கழுத்தில் சருகைக் குவிக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெண்பனி விழுந்தால் பயப்பட வேண்டாம். அது மண்ணுக்குக் கம்பளி போன்றது. ஆனால் கிளை முறியும் அளவுக்குப் பாரமாகக் குவிந்தால், கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

இப்போது பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். உறைபனி விழுந்த காலையில் கராசியாஸ் கள்ளியைப் பார்த்தால் தண்டெல்லாம் தரையை நோக்கிக் குனிந்து, இலை தொங்கிக் கிடக்கும். பார்த்தவுடன் செத்துவிட்டதென்றே தோன்றும். சிலர் அப்போதே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுகிறார்கள். சற்றுப் பொறுங்கள். வெயில் ஏறிப் பனி உருகியதும் அது நிமிர்ந்துவிடும். அது மட்டுமல்ல, மாரிக் கடைசியில் தண்டின் நுனி மட்டும் கொக்கி போல வளைந்திருந்தால், அது பூ வரப்போவதன் அடையாளம். இந்தக் கள்ளியின் தண்டு முதல் வருடம் இலை விட்டு, இரண்டாம் வருடமே பூக்கும். இலையுதிர் காலத்தில் “துப்புரவாக்குகிறேன்” என்று பச்சைத் தண்டை வெட்டினால், அடுத்த வசந்தத்தின் பூவையே வெட்டிவிடுகிறீர்கள். பூத்து முடிந்த தண்டை மட்டும், கோடையில், அடியோடு வெட்ட வேண்டும்.

சாடியில் நிற்பவற்றுக்கு இன்னும் கவனம் தேவை. நிலத்தில் வேருக்கு மண்ணின் வெதுவெதுப்பு உண்டு. சாடியில் நாலா பக்கமும் குளிர் நுழையும். சாடியைச் செங்கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள், அடித்துவாரம் அடைபடாது. சாக்கினால் சாடியைச் சுற்றிக் கட்டுங்கள். மழைபடாத தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள்.

இத்தனை செய்தும் சில வருடங்களில் செடி போய்விடும். 2010 டிசம்பர் பிரித்தானியாவில் நூறு வருடங்களில் மிகக் குளிரான டிசம்பராக இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அட்டையிலுள்ள எண் கைகொடுக்காமல் போகலாம். மேலே கருகினாலும் உடனே பிடுங்காதீர்கள். மே மாதம் வரை பொறுத்திருங்கள். அடியிலிருந்து துளிர் வரக்கூடும்.

வீட்டுக்குள் நிற்கும் கள்ளிக்கு

வீட்டுக்குள் குளிரை விட நமது அன்பே பெரிய ஆபத்து. மாரியில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். நாமோ கோடையில் ஊற்றிய அளவிலேயே வாராவாரம் ஊற்றுகிறோம். சில வாரங்களில் தண்டின் அடி மஞ்சளாகி, பிசுபிசுத்து, ஒரு நாள் சாய்ந்துவிடும். “குளிர் அடித்துவிட்டது” என்கிறோம். உண்மையில் அதை மூழ்கடித்தது நாமே.

முள்தண்டு யுபோர்பியாவுக்கும் கொம்புக்கள்ளிக்கும் மாரியில் மாதம் ஒரு முறை சிறிது நீர் போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சாடி முழுவதும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் போன்ற குழாய் நீர் வேண்டாம். அறையில் சற்று நேரம் வைத்த நீரை ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். இலை சில உதிர்ந்தால் பதற வேண்டாம். அது ஓய்வு எடுக்கிறது. வசந்தத்தில் மீண்டும் இலை வரும்.

நல்ல வெளிச்சமுள்ள யன்னலோரம் வையுங்கள். ஆனால் இலை கண்ணாடியில் முட்டக் கூடாது. இரவில் திரைச்சீலையை இழுத்துவிடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அகப்பட்டால், அறை வெதுவெதுப்பாக இருந்தாலும் அது குளிரில்தான் நிற்கிறது. மாலையில் அதை அறைப்பக்கம் நகர்த்திவிடுங்கள். வெப்பமூட்டியின் மேலும் வைக்காதீர்கள்.

பொயின்செட்டியாவின் கதை வேறு. மெக்சிக்கோவின் பழைய குடிகளான அஸ்டெக் மக்கள் போற்றிய செடி இது. 1820களில் அங்கு தூதராக இருந்த அமெரிக்கர் ஜோயல் பொயின்செட் தமது நாட்டுக்கு அனுப்பிவைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் அந்தச் சில நிமிடக் குளிர்காற்றே இதற்குப் போதும். இரண்டு நாளில் இலை கொட்டத் தொடங்கும். ஆகவே கடையில் கடதாசியால் முழுதாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். மேல்மண் காய்ந்ததும் அளவாக நீர் ஊற்றுங்கள். கதவு திறந்து மூடும் இடத்தில் வைக்காதீர்கள்.

வசந்தத்தில் அதைச் சுமார் நான்கு அங்குல உயரத்துக்கு வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். அடுத்த டிசம்பரில் சிவக்க வேண்டுமானால், செப்டம்பர் கடைசியிலிருந்து எட்டு முதல் பத்து வாரங்கள், நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் முழு இருட்டில் இருக்க வேண்டும். மாலை 5 மணிக்கு ஒரு பெட்டியால் மூடி, காலை 7 மணிக்குத் திறந்தால் போதும். இடையில் அறை மின்விளக்கின் வெளிச்சம் பட்டாலும் சிவப்பு தாமதமாகும். நமது மலையகத் தோட்டங்களில் யாரும் மூடாமலே அது டிசம்பரில் சிவக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே வீட்டு விளக்கு எட்டாத வெளியில் நிற்பதால், ஆண்டிறுதியின் நீண்ட இரவே அதற்குப் போதுமாகிறது.

நுவரெலியாச் சகோதரிகளுக்கு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றடங்கிய இரவுகளில் துகள் உறைபனி விழுகிறது. தேயிலைக் கொழுந்து கருகுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி வழிந்து அங்கே தேங்கும். ஆகவே பள்ளமான இடத்தில் பொயின்செட்டியாவையோ முள்தண்டு யுபோர்பியாவையோ வைக்காதீர்கள். சாடிகளை அந்த இரண்டு மாதமும் கூரைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். நிலத்தில் நிற்பவற்றை மாலையில் சாக்கினாலோ பழைய துணியாலோ மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பொலித்தீனால் மூடினால் அது இலையில் ஒட்டி, ஒட்டிய இடமெல்லாம் கருகும். கருகிய நுனிகளைக் குளிர் முடியும் வரை வெட்டாதீர்கள். அவையே உள்ளிருக்கும் கண்களுக்குப் பாதுகாப்பு.

பால் விடயத்தில் அலட்சியம் வேண்டாம்

குளிர்காலத்தில்தான் இச்செடிகள் வீட்டுக்குள் வருகின்றன. பிள்ளைகளும் அக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எனவே இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

கள்ளிப்பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளிக்கலாம். கண்ணில் பட்டால் நிலைமை பாரதூரமானது. கடும் எரிச்சலும் வீக்கமும் ஏற்படும். சில நாட்களுக்குப் பார்வையே மங்கிவிடக்கூடும். கவனிக்காமல் விட்டால் நிரந்தரப் பாதிப்பும் வரலாம். அட்லஸ் கள்ளியின் பாலிலிருந்து 1975இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசினிஃபெராடொக்சின் என்ற பொருள், மிளகாயின் காரப்பொருளை விடப் பல மடங்கு கடுமையானது. அன்றைய மக்கள் தூரத்தில் நின்று ஈட்டியால் குத்தியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அதே பொருளைக் கடும் வலி நீக்கும் மருந்தாக்க இன்று ஆய்வு நடக்கிறது. மற்றொரு சிறு கள்ளியின் பாலிலிருந்து எடுத்த தோல் மருந்தொன்று 2012இல் அனுமதி பெற்று, தோல் புற்றுநோய் அச்சத்தால் 2020இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. ஆகவே “மருந்துச் செடிதானே” என்று மருவுக்கும் புண்ணுக்கும் வீட்டிலேயே கள்ளிப்பால் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செடியை வெட்டும்போது கையுறை அணியுங்கள். கண்ணாடி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடுவே முகத்தைத் தொடாதீர்கள். முடிந்ததும் கையையும் கத்தரிக்கோலையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்; வெறும் நீரில் பால் போகாது. வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் கண்ணைக் கரிக்கும். தவழும் பிள்ளைக்கு எட்டும் யன்னல் படியில் சாடியை வைக்காதீர்கள். பொயின்செட்டியாவின் பால் மற்றவற்றை விட மிதமானது. ஆயினும் குழந்தை வாயில் வைக்க இடம் கொடுக்கக் கூடாது.

கண்ணில் பட்டுவிட்டால், கசக்க விடாமல், உடனே ஓடும் குழாய் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். வில்லை அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். பின் தாமதியாமல் வைத்தியரிடம் போங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உண்மையான வலி சில மணித்தியாலம் கழித்தும் தொடங்கலாம். செடியின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு சிறு கிளையைப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

சகோதரிகளே! வெளிநாட்டிலுள்ள உங்கள் மகளோ தங்கையோ தொலைபேசியில், “கள்ளிச் செடி வாடிப்போச்சு, என்ன செய்ய?” என்று கேட்டால், “தண்ணீர் ஊற்று” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எந்தக் கள்ளி என்று கேளுங்கள். வெளியிலா உள்ளேயா என்று கேளுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாடி பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதன் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசலாம்.